திரும்பி வந்த கோப்புறை

புவியியற்றுறையின் இறுதியாண்டு மாணவன் ஒருவன் தன் ஊர்க் கிணறுகளின் நீர்மட்ட ஆழத்தை அளந்து ஆய்வேடு எழுத முற்பட்டான். முதன்முறை அவன் கைக்கொண்ட துணி அளவுநாடா பழையது, இழுபட்டு நீண்டுபோனது. அதனால் ஒவ்வோர் ஆழமும் உள்ளதிற் குறைவாகவே பதிவாயிற்று. பிழை தெரிந்ததும் உருக்கு நாடாவினால் மீண்டும் அளந்தான். முதல் அளவீடுகள் அடங்கிய கோப்புறையைத் தன் மடிக்கணினியிலிருந்து நீக்கினான். இரண்டு வாரங்களின் பின் அக்கோப்புறை பழைய இடத்திலேயே இருந்தது.

மீண்டும் நீக்கினான், மீண்டும் வந்தது. விடுதி நண்பர் வைரசு என்றனர். அதனைத் தேடும் மென்பொருள் எதனையுங் காணவில்லை. இதற்கிடையில், அவசரமாக அட்டவணையொன்று தயாரிக்கையில், திரும்பி வந்த கோப்புறையைத் திறந்து அதிலிருந்த எண்களையே அவன் எடுத்தாண்டுவிட்டான். ஒரே கிணறு இரண்டு அட்டவணைகளில் இருவேறு ஆழங் காட்டுவதேன் என மேற்பார்வையாளர் வினவியபோதுதான் காரியத்தின் பாரதூரம் அவனுக்கு விளங்கிற்று.

இத்தகைய தொல்லையில் முதலில் நோக்கத்தக்கது, திரும்பி வருங் கோப்புறை வெறுமையாக வருகின்றதா, உள்ளடக்கத்துடன் வருகின்றதா என்பதே. வெறுமையாக வருமாயின், ஏதோவொரு மென்பொருள் தொடங்கும்போது தனக்கு வேண்டிய கோப்புறையைக் காணாது புதிதாக ஆக்கிக்கொள்கின்றது எனலாம்; அதனாற் பெருந்தீங்கில்லை. உள்ளடக்கத்துடன் வருமாயின், வேறெங்கோ ஒரு படி இருக்கின்றது. மாணவனுடையது நிறைந்தே வந்தது. இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு நீக்கிப் பார்த்தான், வரவில்லை. தொடர்பை மீள இணைத்த பின்னருஞ் சில நாள் வரவில்லை. வந்த நாள் ஞாயிறு.

ஊர் வீட்டிலிருந்த பழைய கணினியை, க.பொ.த. உயர்தர வகுப்பிற் படிக்கும் அவன் தங்கை சில ஞாயிறுகளில் மட்டுமே இயக்குவாள். இரு கணினிகளுக்குமிடையே கோப்புகளைப் பரிமாறும் சிறு மென்பொருளொன்றை முந்தைய ஆண்டில் அவனே நிறுவி மறந்திருந்தான். அதன் விதி எளியது: ஒரு பக்கம் உள்ளது மறுபக்கம் இல்லையெனின், படியெடுத்து அங்கே வைத்தல்.

தருக்க நூலார் இன்மையை நால்வகைப்படுத்துவர். இன்னுந் தோன்றாமையால் இல்லாதிருத்தல் முன்னபாவம். தோன்றியபின் அழிந்தமையால் இல்லாதிருத்தல் அழிவுபாட்டபாவம். வனையுமுன்னுங் குடமில்லை, உடைந்தபின்னுங் குடமில்லை. வெறுந் தரையை மட்டும் நோக்குவோனுக்கு இரண்டும் ஒன்றே. அம்மென்பொருளும் அவ்வாறே நோக்கியது. அழிக்கப்பட்ட கோப்புறையை இன்னும் வந்துசேராத கோப்புறையெனக் கருதி, உபகாரமாகவே கொணர்ந்து வைத்தது. முன்னர் அங்கே இருந்தது என்னும் நினைவு இருந்தாலன்றி இவ்விரண்டையும் வேறுபடுத்தல் இயலாது.

கலிபோர்னியாவில் ஸெரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்ரோ ஆய்வு நிலையத்தார் 1987இல் வெளியிட்ட கட்டுரையொன்று இச்சிக்கலை ஆராய்கின்றது. பல இயந்திரங்களிற் படிகளுள்ள பதிவொன்றை நீக்கும்போது, அதனிடத்தில் நேரங் குறித்த 'மரணச் சான்றிதழ்' ஒன்றை வைத்து எங்கும் பரப்புதல் அவர்கள் கூறும் முறை. பழைய படி எதிர்ப்படுமிடத்துச் சான்றிதழ் அதனை நீக்கிவிடும். ஆயின், சான்றிதழை எத்துணைக் காலம் வைத்திருப்பது? விரைவில் எறிந்துவிட்டால், நெடுநாள் உறங்கிய இயந்திரமொன்று விழித்துப் பழையதைப் புதியதெனக் கொணரும். கசாண்ட்ரா என்னுந் தரவுத்தளம் இத்தகைய குறியைக் கல்லறைக்கல் என்கின்றது (பொறியியலாளரும் இடுகாட்டுச் சொற்களையே நாடியிருக்கின்றனர்). மாற்றியமைத்தாலன்றி அது 864,000 செக்கன், அதாவது 10 நாள், அக்கல்லைக் காக்கும். அதனினும் நீண்டகாலம் விலகியிருந்த இயந்திரம் சீர்செய்யப்படாது திரும்புமாயின், நீக்கியது மீளக்கூடும்.

மாணவனின் மென்பொருளிற் சான்றிதழுமில்லை, கல்லுமில்லை. ஆகவே, பரிமாற்றத்தை இருபக்கமும் நிறுத்தி, இரு கணினிகளிலுங் கோப்புறையை நீக்கி, அதன் பின்னரே மீளத் தொடங்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் தங்கைக்கு ஒவ்வொன்றாகச் சொன்னான். நீக்குமுன் அவள், "அண்ணா, எங்கட வீட்டுக் கிணற்றின்ர அளவும் இதுக்குள்ளதானே?" என்று கேட்டாள். அதுவும் பிழையென்றான்.

அடுத்த ஞாயிறு கோப்புறை வரவில்லை. அட்டவணைகள் அனைத்தையுங் களக்குறிப்பேட்டுடன் ஒப்புநோக்கி முடிக்க அவனுக்கு மேலும் நான்கு நாட்கள் சென்றன.