செந்தலைப் பாறும் பூஞ்சை பிடித்த பைனாகுலரும்

2023 டிசம்பர் கடைசியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த கணக்கில் 320 பாறு கழுகுகள் தென்பட்டதாகச் செய்தி வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் 246தான். கூடியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட புகைப்படக்கார நண்பர், அதில் செந்தலைப் பாறு வெறும் ஐம்பது என்று படித்ததும் கேமராப் பையைத் தூக்கிவிட்டார். நானும் தொற்றிக்கொண்டேன்.

மசினகுடியில் ஏறிய ஜீப்பின் முன்சீட்டில் இருளர் அண்ணன் ஒருவர் இருந்தார். வருகிறவர்களுக்குப் பறவை காட்டுவதுதான் அவர் பிழைப்பு. விடியும் முன்பே தயாராகி நின்ற நண்பரிடம், "டீ குடிங்க சார், வெயில் ஏறட்டும். அதுக்கு இன்னும் பொழுது விடியல" என்றார். பாறு கனத்த பறவை. இறக்கையை அடித்துக்கொண்டே வெகுதூரம் போக அதனால் ஆகாது. தரை சூடேறி வெப்பக்காற்று கிளம்பினால்தான் அதில் தொற்றி வட்டமடித்து மேலே போகும். ஒன்பது மணிக்குமேல்தான் வானத்தில் அதற்கு வேலை.

மோயாறு சாலையில் ஜீப் நின்றதும் நாங்கள் அண்ணாந்து வானத்தைத் துழாவினோம். அவர் பார்வை காக்கைகள் மேல் இருந்தது. காக்கை எந்தப் புதருக்குள் இறங்குகிறது, பருந்து எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்தே, புலி தின்று போட்ட மிச்சம் எங்கே கிடக்கிறது என்று கணித்துவிடுகிறார். அதற்குப் பிறகுதான் பைனாகுலரை எடுத்தார்.

அந்தப் பைனாகுலரைச் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பும்போது யாரோ விட்டுவிட்டுப் போனது. வார் அறுந்து, அந்த இடத்தில் நீல நைலான் கயிறு. மலை ஈரத்தில் வலப்பக்கக் கண்ணாடிக்குள் பூஞ்சை சிலந்திவலைபோல் படர்ந்திருக்கிறது. குவியம் திருகும் சக்கரம் தேய்ந்து வழுக்குவதால் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றியிருந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடக்குழலால் மட்டும் பார்க்கிறார். நண்பரின் லென்ஸ் ஒன்றின் விலைக்கு ஊருக்குள் ஓட்டு வீடே கட்டலாம்.

எனக்கு அங்கே வெறும் வானம்தான் தெரிந்தது. "அதோ, ரெண்டு" என்றார். கரும்புள்ளி கண்ணுக்குச் சிக்கவே எனக்கு வெகுநேரம் பிடித்தது. அதற்குள் அவர் இனத்தையே சொல்லிவிட்டிருந்தார். வெண்முதுகுப் பாறுக்கு இறக்கையின் அடியில் முன்பாதி பரவலாக வெள்ளை. செந்தலைக்கு ஒரு வெள்ளைக் கோடு, தொடையருகே இரண்டு வெள்ளைத் திட்டு. அதோடு, செந்தலை கூட்டமாக வராது. தனியாகவோ சோடியாகவோதான் வரும்.

ஒன்று பட்டமரத்தில் வந்து அமர்ந்தது. மயிரற்ற சிவந்த தலை, கழுத்தின் இருபுறமும் தொங்கும் சதை, வெளிறிய கண். கண் வெளிறியிருந்தால் ஆண், பெண்ணுக்குக் கரும்பழுப்பு. நண்பர் சரமாரியாக அழுத்தினார். ஐ.எஸ்.ஓ., ஷட்டர் என்று அவர் விளக்கியதில் பாதி எனக்கு ஏறவில்லை, அதை விடுகிறேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இறகு எதுவுமே கூர்மையாக இல்லை. பறவையைத் தூக்கிவிடும் அதே வெப்பக்காற்றுதான் படத்தையும் கலக்குகிறது. "தார் ரோட்டுக்கு மேலாலே எடுக்காதீங்க சார், கானல் ஆடும். அந்தப் பள்ளத்து நிழலுக்கு மேலாலே எடுங்க" என்று நண்பரை இடம் மாற்றி நிறுத்தியவரும் அண்ணன்தான். கேமரா வைத்திருந்ததே இல்லையாம். கலங்கிப்போன படங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்கள் பலரைக் கண்டிருக்கிறார். இடம் மாறி எடுத்த படத்தில் கண்ணின் வளையம்வரை விழுந்தது.

இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையில் ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற பறவையின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைக்கு அம்மருந்தை 2006இல் தடை செய்தார்கள்; அதேபோல் கேடு செய்யும் கீட்டோபுரோபேன், அசிக்ளோபினாக் இரண்டுக்கும் தடை வர 2023 ஆகிவிட்டது. தன் மாட்டுக்கு ஊசி போட யார் வந்தாலும் குப்பியை வாங்கிப் பெயரைப் பார்க்கிறார் அண்ணன். பாறு ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். போனது எளிதில் திரும்பாது என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவருக்குக் கிடைப்பதை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது. இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவர் நகரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு தரகர். 'அரிய பறவை உறுதி' என்று விளம்பரம் போடுகிறார். நாங்கள் தலைக்குக் கட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட அண்ணன் கைக்கு வரவில்லை. உறுதி தருவது ஒருவர், உறுதியைக் காப்பாற்றுவது இன்னொருவர்; காசு மட்டும் முதலாமவருக்கு. போதாததற்கு, கூடு இருக்கும் மரத்தடிக்கே கூட்டிப்போனால் தனியாகத் தருவதாக வருகிறவர்கள் சிலர் தூண்டிலும் போடுகிறார்கள். ஆள் நடமாட்டம் கண்டால் தாய்ப் பறவை கூட்டை விட்டெழும்பும். முட்டை வெயிலில் கிடக்கும். மாட்டேன் என்று சொன்னதால் சென்ற பருவத்தில் இரண்டு குழுக்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விட்டனவாம். 'இயற்கை ஆர்வலர்' என்ற பட்டம் யாருக்கெல்லாம் கிடைக்கிறது பாருங்கள்.

நண்பர் அந்தப் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பினார். படிவத்தில் கேமராவின் மாதிரி, லென்ஸ், திறப்பளவு எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு; கண்டுபிடித்தவர் பெயருக்கு இல்லை. 'பிற குறிப்புகள்' என்ற இடத்தில் எழுதிச் சேர்த்தார். அண்ணனிடம் போனில் சொன்னபோது சிரித்தார். அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து ஒரு குழு வருகிறதாம், பேசியிருப்பது பழைய கூலிதானாம்.