மிச்ச மருந்து

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் மருந்து என்று சொன்னால் பட்டாசுக்குள் அடைக்கும் வெடிக்கலவைதான் முதலில் நினைவுக்கு வரும். வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர் போன்றவற்றைச் சலித்துக் கலப்பது மருந்துக் கலவை அறையின் வேலை. அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் வெயில் ஏறுமுன் கலந்துகொள்ள வேண்டும். சாயங்காலம் மீந்திருந்தால் அதை அறையில் வைத்துவிட்டுப் போகாமல் அழித்துவிட வேண்டும். அலுமினியப் பவுடர் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். இரவு முழுக்க மூடிக் கிடந்த மருந்து, காலையில் ஆள் வந்து தொடுமுன்பே தீப்பிடிக்கலாம். இந்தத் தொழிலில் நாலைந்து தீபாவளி பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் மருந்து மிஞ்சுகிறது, மறுநாளைக்கென்று எடுத்து வைக்கப்படுகிறது. தொழில் நேர்மை என்று மேடைகளில் பேசப்படுவதெல்லாம் இந்த ஆலைகளில் அந்த மிச்ச மருந்தில் வந்து நிற்கிறது.

மீந்த மருந்தை அழிப்பவர் காசை அழிக்கிறார். மருந்து செலுத்துவோர் பெரும்பாலும் பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்கள். எத்தனை குரோஸ் முடிகிறதோ அத்தனைக்குத்தான் கூலி. காலையில் மருந்து வரத் தாமதமானால் கை சும்மா இருக்கும், கூலி குறையும். அதனால் முந்தின நாள் மீந்தது தயாராக இருப்பது எல்லோருக்கும் வசதி. ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதியும் இதே வசதியில்தான் கரைகிறது. ஆர்டர் குவியும் மாதங்களில் நான்கு பேர் அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்கிறார்கள். இடம் போதாவிட்டால் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து வேலை நடக்கிறது. விபத்துக்குப் பின் நாளிதழ்கள் எழுதும் காரணம் ஒரே சொல்தான்: உராய்வு. உராய்வு தீப்பொறியைத் தந்திருக்கலாம். அந்த அறையில் எட்டுப் பேர் இருந்ததற்கு உராய்வு பொறுப்பாகாது.

பொறுப்பு முதலில் போய்ச் சேருவது போர்மேனிடம். எவ்வளவு கலப்பது, யாரை எங்கே உட்கார வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் பார்க்க வேண்டியவை. அறை வாசலில் ரப்பர் விரிப்பு கிடக்கிறதா, உள்ளே போகுமுன் செம்புத் தகட்டில் கை வைத்து உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்கினார்களா, இரும்புக் கருவி எதுவும் உள்ளே போனதா என்று கவனிப்பதும் அவர்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் தருபவர் சரக்கைக் கேட்கிறார். அவர் மேற்பார்வையில் மருந்து செலுத்தும் பெண்கள் கூலியைக் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் போலத் தெரியும் நெருக்கடியில், "இன்றைக்கு இது போதும்" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டியிருக்கிறது. விபத்து நடந்தால் உரிமையாளரோடு சேர்த்து அவர் மீதும் வழக்குப் பதிவாகும். விபத்து நடக்காத நாளில் அவர் சொன்ன "போதும்" எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இதைவிடக் கனமான குற்றம் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பிரித்து நாலைந்து பேர் குத்தகைக்கு எடுத்து நடத்துவார்கள். உரிமத்தில் கையெழுத்துப் போட்டவருக்கு அன்று உள்ளே என்ன கலக்கிறார்கள் என்று தெரியாது. கலப்பவருக்கோ அந்தக் கையெழுத்து கட்டுப்பாடாகவே இராது. 1920-களின் தொடக்கத்தில் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் வேலையைக் கற்றுவந்துதான் சிவகாசியில் தொழில் தொடங்கினார்கள். வேலை தெரிந்தவரே முதலாளி என்ற அந்தத் தொடக்கத்துக்கு உள்குத்தகை நேர் எதிரானது. உரிமம் பெயரளவுக்கு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2012 செப்டம்பர் 5-இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் வெடித்த ஆலையின் உரிமம் விதிமீறலுக்காக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அப்படியும் உள்ளே வேலை நடந்தது. இறந்த 38 பேரில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. முதல் தீயைக் கண்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அங்கே பேசப்பட்டது உள்குத்தகைதான்.

பெட்டியின் மேல் ஒட்டும் லேபிளும் ஒரு கையெழுத்துத்தான். 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்து, மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டது. சில ஆலைகளின் பட்டாசுகளில் பேரியம் இருப்பதாகவும், உள்ளே இருப்பதும் லேபிளில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை என்றும் 2021-இல் சி.பி.ஐ. அறிக்கை அந்த நீதிமன்றத்துக்கே போனது. பச்சை நிறம் வேண்டுமென்றால் பேரியம் வேண்டும் என்பது பழைய கணக்கு. தடையால் பலர் பிழைப்பு அடிபட்டதும் உண்மை. அதைச் சொல்லி நீதிமன்றத்தில் வாதாடலாம். வாங்குகிறவரிடம் பொய் லேபிள் ஒட்டி விற்பதற்கு அது காரணமாகாது. நேர்மையாகச் செய்யும் பக்கத்து ஆலைக்காரரையும் சேர்த்தே அந்தப் பொய் சந்தேகத்தில் தள்ளுகிறது.

இவை மாறாத வழக்கங்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு காலத்தில் சிவகாசி என்றாலே குழந்தைத் தொழிலாளர் என்றுதான் வெளியூரில் பேச்சு. 1996 டிசம்பர் 10-இல், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சட்டம், பள்ளிக்கூடம், ஆய்வு, வெளியூர்க்காரர்களின் கேள்வி, ஊருக்குள் எழுந்த வெட்கம் எல்லாம் சேர்ந்து அந்த வழக்கத்தைப் பெருமளவு ஒழித்தன. மிச்ச மருந்தைப் பற்றி அப்படி ஒரு வெட்கம் இன்னும் பிறக்கவில்லை.

இந்த மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கின்றன. ஆய்வுக்கு வரும் அதிகாரி ஒவ்வொன்றிலும் சாயங்காலம் நான்கு மணிக்கு நிற்க முடியாது. அந்த நேரத்தில் அங்கே நிற்பவர் போர்மேன். அன்றைய கலவை போதும், மீந்ததை அழியுங்கள் என்று அவர் சொன்னால், அவர் வேலையும் போகக் கூடாது, மருந்து செலுத்தும் பெண்களின் கூலியும் குறையக் கூடாது. ஆலை உரிமையாளர்கள் இந்த ஒன்றை எழுத்தில் எழுதி, வாசலில் ஒட்டி, சொன்னபடி நடக்க வேண்டும்.