வானொலித் திருகு யார் கையில்?

ஒரு வானொலி நிலையத்தை நாம் அறிவிப்பாளரின் குரலைக் கொண்டே அறிகிறோம். அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். எந்த இசை எந்த நேரத்தில் ஒலிக்க வேண்டும், எது ஒலிக்கக் கூடாது என்று முடிவு செய்பவர் அவர். அவருடைய பெயர் பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆயினும், அவர் எடுக்கும் முடிவு கடல் கடந்து, ஒரு தோட்டத்து லயத்து வீடு வரைக்கும் வந்து சேரும். அப்படி வந்து சேர்ந்த வீடுகளுள் எங்கள் வீடும் ஒன்று.

மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா வட்டாரத்தில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் வளர்ந்தேன். என் தாத்தா பால்மரம் வெட்டும் தொழிலாளி. சிறுவயதிலேயே திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். சபாவில் நுழைவுச்சீட்டு வாங்கிக் கச்சேரி கேட்கும் வாய்ப்பு அவருக்கு வாழ்நாளில் கிட்டவில்லை. பெரிய வித்துவான்களை அவர் கேட்டதெல்லாம் வானொலியில்தான். சிற்றலையில் அகில இந்திய வானொலி தென்கிழக்காசியாவுக்கு வழங்கிய தமிழ்ச் சேவையும், கோலாலம்பூரிலிருந்து ஒலித்த நம் நாட்டுத் தமிழ் வானொலியும் அவருக்கு இசைப்பள்ளிகளாக இருந்தன. இராகங்களின் பெயர் அவருக்குத் தெரியாது. ஆனால், ஒரு பாட்டு தொடங்கியதும், "இது நேத்து கேட்டதோட அண்ணன் தம்பி" என்பார். பல நேரங்களில் அது சரியாகவே இருந்தது என்பதை இசை கற்ற பிறகே நான் உணர்ந்தேன்.

சித்தப்பாவுக்கோ திரைப்பாடல்களே உயிர். வீட்டில் இருந்தது ஒரே வானொலிப் பெட்டி. தாத்தா திருகை ஒரு பக்கம் திருப்புவார். அவர் நகர்ந்ததும் சித்தப்பா மறுபக்கம் திருப்புவார். ஒருநாள் பாட்டி தலையிட்டார். "ஒரு பொட்டிய வச்சிக்கிட்டு இவ்வளவு சண்டையா? வெள்ளன அப்பாவுக்கு, பொழுது சாஞ்சா ஒனக்கு" என்று தீர்ப்புக் கூறினார். அன்று முதல் வீட்டில் அமைதி நிலவியது.

பிற்காலத்தில் இந்திய வானொலியின் வரலாற்றைப் படித்தபோது வியந்து போனேன். எங்கள் வீட்டில் நடந்த அதே வழக்கு ஒரு நாடு முழுவதிலும் நடந்திருந்தது.

பி.பி.சி. நிறுவனத்திலிருந்து 1935-இல் இந்தியாவுக்கு வந்து ஒலிபரப்புத் துறைக்குத் தலைமையேற்றவர் லயோனல் ஃபீல்டன். 'அகில இந்திய வானொலி' என்ற பெயர் 1936-இல் அவருடைய காலத்தில் சூட்டப்பட்டது. 1938 ஜூன் 16-இல் சென்னை நிலையமும், 1939 மே 16-இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கின. தாத்தா விட்டுவந்த மண்ணிலேயே ஒரு வானொலி நிலையம் எழுந்தது. 1940-இல் ஆர்மோனியத்துக்கு வானொலியில் தடை விதிக்கப்பட்டது. ஆர்மோனியத்தின் ஒவ்வொரு கட்டையும் ஒரே நிலையான சுரத்தைத் தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் கமகம் அதில் வராது என்பதே முக்கியக் காரணம். அந்தத் தடை தளர்வதற்கு 1971 வரை ஆயிற்று. தலைமையில் இருப்போர் எடுத்த ஒரு முடிவு, ஒரு கருவியை நம்பிப் பிழைத்த கலைஞர்களை முப்பது ஆண்டுகள் வெளியே நிறுத்தியது.

1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தவர் பி. வி. கேஸ்கர். அவர் தாமே இசை பயின்றவர். மன்னர்களும் சமீன்தார்களும் மறைந்த பின்னர், செவ்வியல் இசையைக் காக்கும் பொறுப்பு வானொலியையே சாரும் என்று கருதினார். வாரந்தோறும் ஒலிபரப்பான தேசிய இசை நிகழ்ச்சி 1952-இல் தொடங்கியது. கருநாடக இசையும் இந்துஸ்தானி இசையும் நாடெங்கும் சென்றன. செம்மங்குடி சீனிவாச ஐயர் போன்ற பெரும் வித்துவான் 1957 முதல் 1960 வரை சென்னை வானொலியில் கருநாடக இசையின் தலைமைத் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். மேடையில் பாடியவரே நிலையத்தில் அமர்ந்து இசையைத் தேர்ந்தார்.

இவை நன்மைகள். ஆனால், கேஸ்கர் திரைப்பாடல்களுக்குக் கதவை அடைத்தார். மக்கள் திரைப்பாடல் கேட்பதை நிறுத்திவிட்டார்களா? இல்லை, திருகைத் திருப்பி இலங்கை வானொலிக்குச் சென்றார்கள். இறுதியில், 1957 அக்டோபர் 3-இல் அகில இந்திய வானொலியே 'விவித் பாரதி' என்ற தனிச் சேவையைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு இடமளித்தது. செவ்வியல் இசைக்கு ஓர் அலைவரிசை, மெல்லிசைக்கு ஓர் அலைவரிசை. எங்கள் பாட்டி சொன்ன தீர்ப்பும் ஏறக்குறைய இதுதான்.

நம் நாட்டின் நிலை வேறு. 1946-இல் ரேடியோ மலாயா தொடங்கிய காலம் முதல் தமிழும் அதன் ஒலிபரப்பு மொழிகளுள் ஒன்று. இன்று 'மின்னல் எஃப்.எம்.' என நாம் அழைப்பது அதன் வழிவந்த அரசாங்கத் தமிழ் வானொலியே. செய்தி, நாடகம், திரைப்பாடல், பக்திப்பாடல், உள்ளூர்ப் பாடல், செவ்வியல் இசை எனத் தாத்தாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேண்டியதை ஒரே அலைவரிசையில் பங்கிட்டுத் தர வேண்டும். அந்தத் தலைமை இருக்கையில் அமர்பவரின் பணி எளிதன்று.

கலைத்திட்ட அதிகாரியாகிய நானும் இத்தகைய ஓர் இருக்கையில் அமர்ந்திருக்கிறேன். பாடநூலுக்குப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், "மாணவர்கள் விரும்பாததை ஏன் வைக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்பார். "விரும்புவதை மட்டும் கொடுத்தால் பள்ளி எதற்கு?" என்று மற்றொருவர் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றைக் கேட்கும்போதெல்லாம் கேஸ்கரை நினைத்துக்கொள்வேன். அவர் புதிதாகக் கொடுத்தவை நிலைத்தன. அவர் பறித்ததோ ஐந்தே ஆண்டுகளில் திரும்பி வந்தது. ஆகவே, ஒரு நல்ல பகுதியைச் சேர்க்க வாதாடுவேன். மாணவர் விரும்பும் ஒன்றை இழிவென்று ஒதுக்க உடன்பட மாட்டேன்.

மாணவர்களே, இன்று உங்கள் கைப்பேசியே உங்கள் வானொலி நிலையம். நீங்கள் நேற்றுக் கேட்டதைப் போன்ற பாடலையே அது இன்றும் எடுத்துக் கொடுக்கிறது. நீங்கள் அறியாத ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்ற கவலை அதற்கு இல்லை. அந்தக் கவலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். விரும்பும் பாடல்களை மகிழ்ச்சியோடு கேளுங்கள். வாரத்தில் ஒருநாள், இதுவரை கேட்டிராத ஓர் இசைக்கும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பிடிக்காமல் போனால் மாற்றிவிடலாம். பிடித்துப் போனாலோ, உங்கள் செவிக்கு ஒரு புதிய உறவு கிடைக்கும்.