சௌகிட் முதல் சுங்கை பூலோ வரை

சௌகிட் என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வருகிறது? அம்மாக்களைக் கேட்டால் பசாரைச் சொல்வார்கள். தீபாவளிக்கு முன் ஆட்டிறைச்சி, மூட்டைக் கணக்கில் வெங்காயம், விடியற்காலை மீன். கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டால் 'பண்டல்' துணிக் கடைகளைச் சொல்வார்கள். அப்பாக்கள் மட்டும், "இருட்டின பிறகு அந்தப் பக்கம் போகாதே" என்று பேச்சை முடித்துவிடுவார்கள்.

மூன்றும் உண்மைதான். வானொலியில் ஒரு சுகாதாரத் தொடருக்காகத் தகவல் திரட்டப் போனபோது நான்காவது சௌகிட் ஒன்றைப் பார்த்தேன். அங்கிருந்து தொடங்கிய பயணம் ஒரு மெத்தடோன் கிளினிக், ஒரு பள்ளிவாசல், கடைசியில் சுங்கை பூலோ என்று நீண்டது. எல்லாமே கோலாலம்பூரையும் அதைச் சுற்றியும் உள்ள, நாம் தினமும் கடந்து போகும் இடங்கள்.

மசூதி, குருத்வாரா, ஒரு மாடிப்படி

மோனோரெயிலில் சௌகிட் நிலையத்தில் இறங்கினால் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான். பழைய ஆட்களுக்கு அது இன்னும் பத்து ரோடுதான். ஈயச் சுரங்கத் தொழிலில் செல்வம் சேர்த்த லோக் சௌ கிட்டின் பெயரைத் தாங்கிய இடம் இது. பசாரைத் தாண்டி ஜாலான் ராஜா ஆலாங்கில் நடந்தால், ஒரே தெருவில் கம்போங் பாரு ஜாமிக் மசூதியும் தாத் கால்சா குருத்வாராவும் இருக்கின்றன. குருத்வாராவில் யார் போய் உட்கார்ந்தாலும் சாப்பாடு உண்டு. எந்த ஊர், என்ன சாதி, என்ன தொழில் என்ற கேள்வி இல்லை. இந்தப் பக்கம் நடந்தால் கோலாலம்பூர் பொது மருத்துவமனையும் தூரமில்லை.

பின்சந்து ஒன்றில், கடை வீட்டு மாடியில் இருக்கிறது நான் தேடிப் போன இடம். வாசலில் பெரிய பலகை எதுவும் இல்லை. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு குளியலறை, தண்ணீர்க் குவளை, புண்ணுக்குக் கட்டுப்போடும் மேசை. வெளிச்சந்தில் படுத்து எழுந்தவர்கள் வந்து குளிக்கிறார்கள், சட்டை மாற்றுகிறார்கள், கொஞ்ச நேரம் தூங்குகிறார்கள். மூலையில் ஒரு மஞ்சள் பெட்டி. பயன்படுத்திய ஊசியை அதில் போட்டால், உறை பிரிக்காத புது ஊசி தருகிறார்கள்.

என்னை அழைத்துப் போனவர் ஐம்பதைத் தாண்டிய தமிழர். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவரும் ஒரு காலத்தில் ஊசி போட்டவர்தான். "பேரெல்லாம் வேண்டாம் தங்கச்சி, அண்ணன்னு எழுதிக்க, போதும்" என்றார். முதுகில் பை, கையில் குப்பை பொறுக்கும் இடுக்கி. சந்துகளில் கிடக்கும் ஊசிகளைப் பொறுக்குவதும் அவர் வேலை. பள்ளிப் பிள்ளைகள் மிதித்துவிடக் கூடாது என்பதற்காக.

நம் வீடுகளில் எல்லாரும் கேட்கும் கேள்வியை அவரிடம் கேட்டேன். "ஊசியைக் கொடுத்தா இன்னும் கெட்டுப் போக மாட்டாங்களாண்ணே?"

அவர் கோபப்படவில்லை. "ஊசி இல்லன்னா அவன் விட்டுடுவான்னு நெனைக்கிறியா? பக்கத்துல இருக்கறவனோட ஊசிய வாங்கிப் போடுவான். நானும் அப்படித்தான் போட்டேன். என்கூடப் போட்ட நாலு பேர்ல இப்ப நான்தான் இருக்கேன்."

6,978

அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு நாட்டின் கணக்கு இருக்கிறது. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986-இல் பதிவானது. அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். இங்கே நோய் வேகமாகப் பரவிய வழி ஊசி. ஒருவர் போட்ட ஊசியில் தங்கிவிடும் துளி இரத்தம் அடுத்தவர் உடம்புக்குள் நேராகப் போகிறது. 2002-இல் ஒரே ஆண்டில் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின. இன்றுவரை அதுதான் உச்சம். அந்தக் காலத்தில் பத்துப் பேரில் ஏழு பேருக்குமேல் ஊசி வழியாகவே நோய் வந்தது.

அதுவரை நம் நாட்டுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பிடி, அடை. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி போதைப்பித்தர்களை இரண்டு ஆண்டுகள் மறுவாழ்வு மையத்தில் வைத்தார்கள். 'பூசாட் செரெந்தி' என்ற சொல்லை நம் தாமான்களில் கேள்விப்படாதவர்கள் குறைவு. அங்கிருந்து வெளியே வந்தவர்களில் பலர் மறுபடியும் அதே சந்துக்கே திரும்பினார்கள்.

எய்ட்ஸ் மன்றத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் இருந்த மரினா மகாதீரும், மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் அடீபா கமாருல்ஸமானும், பெயர் வெளியே வராத எத்தனையோ களப் பணியாளர்களும் வேறு வழி கேட்டுப் போராடினார்கள். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கடைசியில் 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சை சோதனை முறையில் தொடங்கியது. 2006-இன் தொடக்கத்தில் கோலாலம்பூர், பினாங்கு, ஜொகூர் பாரு ஆகிய மூன்று நகரங்களில் ஊசி மாற்றும் திட்டம் வந்தது. போதைப்பொருள் வைத்திருப்பது அப்போதும் குற்றம்தான், இப்போதும் குற்றம்தான். அதோடு, குற்றவாளி என்றாலும் அவன் உயிரோடு இருக்க வேண்டும் என்ற முடிவும் சேர்ந்தது.

பலன்? அண்மைய ஆண்டுகளில் புதிய தொற்றுகள் ஆண்டுக்கு மூவாயிரத்தை ஒட்டி இருக்கின்றன. அவற்றில் ஊசி வழியாக வருவது நூற்றில் பத்துக்கும் கீழே. இப்போது பாதுகாப்பற்ற பாலுறவு வழியாகத்தான் பெரும்பாலும் பரவுகிறது. அதுவும் இளையோரிடம் அதிகம். நோய் சௌகிட்டைவிட்டு நம் அலுவலகங்களுக்கும் கைப்பேசிகளுக்கும் இடம் மாறிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

காலையில் ஒரு குவளை

அடுத்து நான் போனது ஓர் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை; ஏன் என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள். காலை எட்டு மணிக்கு மருந்துச் சாளரத்தின் முன்னால் வரிசை. வேலைச் சட்டை போட்டவர், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கியவர், குழந்தையைத் தூக்கி வந்தவர். மருந்தாளர் அளந்து ஊற்றித் தரும் மெத்தடோனை அவர் கண்ணெதிரே குடிக்க வேண்டும். பிறகு தண்ணீர் குடித்து, இரண்டு வார்த்தை பேச வேண்டும். மருந்தை வாயிலேயே அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது என்பதற்காக.

ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். உடனே உடல்வலி, நடுக்கம், வயிற்றுப்போக்கு, அடுத்த ஊசிக்கான ஓட்டம். மெத்தடோனும் அதே வகை மருந்துதான். ஆனால் மெதுவாக ஏறி ஒரு நாளுக்குமேல் நிற்கும். சரியான அளவில் குடித்தவருக்கு மயக்கமும் இல்லை, நடுக்கமும் இல்லை. வேலைக்குப் போகலாம். சர்க்கரை நோய்க்குத் தினமும் மருந்து போடுவதைப்போல, சிலருக்குப் பல ஆண்டுகள் தேவைப்படும்.

நாற்காலியில் காத்திருந்த ஓர் அம்மாவிடம் நேரம் கேட்டேன். என் முகத்தையே பார்த்தார். "நீங்க ரேடியோவுல பேசுற பொண்ணுதானே?" என்றார். சிரித்துத் தலையாட்டினேன். அவர் சிரிக்கவில்லை, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எங்க பேரைச் சொல்லிடாதீங்கம்மா."

சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகுதான் பேசினார். மகனுக்கு முப்பத்தெட்டு வயது. மறுவாழ்வு மையத்தில் இருந்த இரண்டு ஆண்டுகளும், "தம்பி சிங்கப்பூர்ல வேலை செய்யுறான்" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தார்களாம். திரும்பி வந்தவன் சில மாதத்திலேயே சாமி மாடத்துக் குத்துவிளக்கை விற்றான். ஒரு தாதிதான் மெத்தடோனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

"மொத வருஷம் தினமும் வரணும். நாலரைக்கே எழுந்து அவனைக் கூட்டிக்கிட்டு வருவேன். இப்ப நாலு வருஷமாச்சு. ஒழுங்கா வர்றதால சில நாள் மருந்தைக் கையிலயே குடுத்துடுறாங்க. கார் பட்டறையில வேலை செய்யுறான். சம்பளத்தை என் கையில குடுக்குறான்மா."

அவர்கள் வீடு கிள்ளானில். "அங்கேயே கிளினிக் இருக்கேம்மா, ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"அங்க எங்க தாமான்காரங்க எல்லாம் பிரஷர் மாத்திரை வாங்க வருவாங்க. இவனை இந்த வரிசையில பார்த்தா, என் பொண்ணுக்கு வரன் வருமா?"

மருந்து இலவசம். பெட்ரோலும் டோலும் அரை நாள் சம்பளமும் அவர்கள் கைக்காசு. நான்கு ஆண்டுகளாக அந்தக் குடும்பம் செலுத்திவரும் அந்தத் தொகை நோய்க்காக அல்ல, நமக்காக.

பள்ளிவாசலில் ஒரு மருந்துச் சாளரம்

எல்.ஆர்.டி. 'யூனிவர்சிட்டி' நிலையத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் அர்-ரஹ்மான் பள்ளிவாசல். மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு எதிரே, எப்போதும் வாகனம் நெரியும் சாலையோரம். 2010-இல் பல்கலைக்கழக மருத்துவர்கள் இந்தப் பள்ளிவாசலில் மெத்தடோன் கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்தோடு வழிபாடும் ஆலோசனையும் சேர்ந்து நடந்தன. 'போதைக்குப் போதையா?' என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பேசிப் புரியவைத்துத்தான் கதவு திறந்தது.

மதிய வெயிலில் அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது கிள்ளான் அம்மாவின் நினைவுதான் வந்தது. வழிபாட்டு இடத்தில், எல்லார் முன்னிலையிலும் ஒருவன் மருந்து வாங்கலாம் என்றால், அவன் அம்மா ஊர் மாறி ஓட வேண்டியதில்லை. நம் கோயில்களில் அன்னதானம் உண்டு. இரத்ததான முகாம் உண்டு. கண் பரிசோதனை உண்டு. இந்த ஒன்றைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச ஆரம்பித்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்றே நினைக்கிறேன்.

மெத்தடோன் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது நாட்டில் பிடிபடும் பலர் எடுப்பது சியாபு. அது வேறு வகை. மெத்தடோன் அதற்கு உதவாது. அங்கே ஆலோசனையும், குடும்பத்தின் பொறுமையும், அடிக்கடி நேரில் பார்க்கும் ஒரு பணியாளரும்தான் துணை.

பூச்செடி வாங்கும் ஊர்

கடைசியாகச் சுங்கை பூலோ. கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு வாங்கிய தமிழர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும். கருவேப்பிலைக் கன்று, மல்லிகைத் தொட்டி, போகன்வில்லா என்று வார இறுதியில் காரை நிரப்பிக்கொண்டு திரும்பும் செடித் தோட்டங்கள் இங்கேதான். அவற்றில் பலவற்றைத் தொடங்கியவர்கள் தொழுநோயிலிருந்து குணமானவர்கள் என்பது எல்லாருக்கும் தெரியாது.

1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு இது. உச்சத்தில் இரண்டாயிரம் பேருக்குமேல் இருந்தார்கள். வெளியே போக அனுமதி இல்லை. 1930-களில் உள்ளே மட்டும் செல்லும் தனிப் பணத்தாள்கூட அச்சிட்டார்கள்; வெளியே உள்ளவர்கள் அந்தக் காசைத் தொட அஞ்சினார்கள். அங்கே பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து எடுத்தார்கள். பின்னர் மருந்து வந்தது, நோய் குணமானது. ஆனாலும் பலர் வீடு திரும்பவில்லை. திரும்பிப் போக வீடு இல்லை. குடும்பம் அவர்களை மறந்திருந்தது. அவர்கள் செடி வளர்த்தார்கள்.

அந்தக் குடியிருப்பு நிலத்தின் ஒரு பகுதியில்தான் இன்றைய சுங்கை பூலோ மருத்துவமனை நிற்கிறது. தொற்றுநோய்களுக்கு நாட்டின் முதன்மையான மருத்துவமனைகளில் ஒன்று. எச்.ஐ.வி. நோயாளிகள் பலர் வரும் இடம். 2006 முதல் முதல்நிலை எச்.ஐ.வி. மருந்துகளை அரசு இலவசமாகவே தருகிறது. மாத்திரையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், பாலுறவு வழியாக அது அடுத்தவருக்குப் பரவாது. கர்ப்பிணிகளுக்குத் தவறாமல் பரிசோதனை செய்து மருந்து கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று அளித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் நாம்தான் முதல் நாடு. பழைய குடியிருப்பில் பிள்ளையை இழந்த தாய்மாரை நினைத்துக்கொண்டு இந்தச் செய்தியைப் படித்துப் பாருங்கள்.

செடித் தோட்டம் ஒன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் செம்பருத்திக்கு விலை பேசிக்கொண்டிருந்தது. சின்னப் பெண் ஒருத்தி, பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த முதியவரிடம் போய், "தாத்தா, இதுக்குத் தினமும் தண்ணி ஊத்தணுமா?" என்று கேட்டாள். அவர் விரல் குறுகிய கையால் மண்ணைத் தொட்டுக் காட்டி, காய்ந்தால் மட்டும் ஊற்றச் சொன்னார். அவளுடைய அப்பா செடிக்கான காசை அந்தக் கையிலேயே கொடுத்தார். யாரும் தயங்கவில்லை. அந்த நிலைக்கு வந்துசேர இந்த ஊருக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. கிள்ளான் குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இது தேவைப்பட்டால், அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் எச்.ஐ.வி. பரிசோதனையைப் பற்றியும் மெத்தடோன் சிகிச்சையைப் பற்றியும் கேட்கலாம். உங்கள் விவரம் இரகசியமாகவே இருக்கும். தேவையில்லாதவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மருந்து வாங்கப் போகும்போது பக்கத்து வரிசையில் தெரிந்த முகத்தைப் பார்த்தால், "சாப்பிட்டாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லாதீர்கள்.