போர்டில் ஒரு பாடு

அழைப்பிதழ் கிடையாது. தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர், நன்றி நவில்பவர் ஒருவரும் கிடையாது. குத்துவிளக்கு ஏற்ற ஆளில்லை. விளக்கே இல்லை. இப்படியும் ஒரு மாநாடு நடக்கும் என்றால் நம்புவீர்களா?

நடக்கிறது. காலையில் வந்து சேர்ந்தவர்கள் ஒரு வெள்ளை போர்டின் முன்னால் கூடுகிறார்கள். போர்டில் கட்டம் போட்டிருக்கும். மேலே அறைகளின் பெயர், ஓரத்தில் நேரம், உள்ளே எல்லாம் காலி. பேச ஆசைப்படுகிறவர் எழுந்து 30 விநாடியில் தன் சரக்கைக் கூவி விற்க வேண்டும். கேட்க நாலு பேர் கை தூக்கினால் சீட்டில் தலைப்பெழுதிக் கட்டத்தில் ஒட்டலாம். யாரும் தூக்கவில்லையா, போய் காபி குடிக்கலாம். வந்தவர்களே பேச்சாளர்கள், அவர்களே ரசிகர்கள்.

அன்கான்ஃபரன்ஸ் என்று பெயர். 'மாநாடல்லாத மாநாடு' என்று தமிழ்ப்படுத்தினால் ஏதோ எதிர்க்கட்சி நடத்துவது மாதிரி இருக்கிறது. விட்டுவிடுவோம்.

இதன் பூர்வீகம் ஒரு கிராமம் என்பது பலருக்குத் தெரியாது. ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1960-களில் லைபீரியா நாட்டின் பலாமா என்கிற சின்னக் கிராமத்துக்குப் படமெடுக்கப் போயிருந்தார். பையன்கள் பெரியவர்களாகும் சடங்கு, நாலு நாள் திருவிழா. விழாக் கமிட்டி என்று ஒன்றுமே இல்லை. ஆனால் எல்லாம் அதது பாட்டுக்கு நடந்தது. பிறகு 1983-ல், ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு சர்வதேச மாநாட்டை அவர் நடத்தி முடித்தபோது, வந்தவர்கள் சொன்னது: காபி இடைவேளைதான் பிரமாதம். மனிதருக்குக் கிராமம் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. 1985-ல் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்று காபி இடைவேளையையே மாநாடாக்கிவிட்டார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று, இரண்டு கால் சட்டம். உட்கார்ந்த இடத்தில் உனக்கும் பயனில்லை, உன்னாலும் பயனில்லை என்றால் இரண்டு காலையும் பயன்படுத்தி வேறிடம் போ. நம்மூர் பட்டிமன்றத்துக்கு இதை அமல்படுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு கம்ப்யூட்டர்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2003-ல் டிம் ஓ'ரெய்லி தன் நண்பர்களை அழைத்து 'ஃபூ கேம்ப்' நடத்தினார். அழைப்பில்லாமல் யாரும் வரலாம் என்று 2005 ஆகஸ்டில் பாலோ ஆல்ட்டோவில் 'பார்கேம்ப்' பிறந்தது. மறு வருடமே சென்னைக்கும் வந்துவிட்டது. 2006 செப்டம்பரில் டைடல் பார்க்கில் 'ப்ளாக்கேம்ப்'. 2007 ஆகஸ்ட் 5-ல் சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை. அதற்கப்புறம் எத்தனையோ.

அப்படி ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்குத்தான் நான் தயாரானேன். பத்திரிகைக்காரர்கள், நகரமைப்பு படித்தவர்கள், கொஞ்சம் சாஃப்ட்வேர் ஆசாமிகள். என்ன பேசலாம்? பத்திரிகைத் துறையின் எதிர்காலம் பற்றிப் பேச அங்கே பதினைந்து பேர் வருவார்கள். அவர்களில் பதினான்கு பேர் அழுவார்கள். நான் கோட்டைக்குப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

கோட்டைக்குப்பம் பழவேற்காட்டில் இருக்கிறது. சென்னையிலிருந்து வடக்கே பொன்னேரி வழியாகப் போனால் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா என்று கோட்டை கட்டினார்கள். இன்றைக்கு இடிபாடுதான் மிச்சம். நம் பேச்சுக்குக் கோட்டை முக்கியமில்லை. குப்பம்தான் முக்கியம்.

ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்துப் பக்கம் நீரோட்டத்தோடு இறால் வரும். குறுக்கே கம்பு நட்டு வலை கட்டினால் அள்ளலாம். ஆனால் நல்ல இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். யாருக்கு எந்த இடம்? அடித்துக்கொள்ளலாம். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பத்து மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்வது வேறு. ஊருக்கு ஊர் முறை வைத்து, ஊருக்குள் சீட்டுக் குலுக்கி, இடத்தைச் சுழற்றிக்கொள்கிறார்கள். இன்றைக்கு நல்ல இடம் விழுந்தவன் நாளைக்கு நகர வேண்டும். இதற்குப் பேர் 'பாடு'. அவன் பாடு, இவன் பாடு என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே பாடுதான். பி.காமில் எனக்குச் சொல்லிக்கொடுத்த இரட்டைப் பதிவுக் கணக்கை உப்புத் தண்ணீரில் எழுதியது மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு வரவுக்கும் எங்கோ ஒரு பற்று.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-ல் இந்தப் பழவேற்காடு முறையைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. துருக்கியின் அலன்யா ஊர் மீனவர்களும் ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டெடுத்து, தினம் ஓர் இடமாகக் கிழக்கே நகர்ந்து, ஜனவரிக்குப் பிறகு மேற்கே திரும்புவார்கள். அதை 1990-ல் புத்தகத்தில் எழுதிய எலினார் ஆஸ்ட்ரம் 2009-ல் பொருளாதார நோபல் வாங்கினார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண்மணி.

என்னிடம் சரக்கு ஏராளம். 40 ஸ்லைடு வந்தது. ஆனால் முப்பது விநாடியில் டச்சுக்காரரையும் துருக்கிக்காரரையும் எப்படி அடைப்பது? அறிமுக வரி மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'பாரம்பரிய வளப் பகிர்வு முறைகளில்...' என்று தொடங்கியதை வீட்டில் படித்துக் காட்டினேன். மனைவி, குக்கர் விசில் எத்தனை ஆச்சு என்றார்.

ஊருக்கே போய்விட்டேன். கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, பாடு பத்தி ரெண்டு வார்த்தையில சொல்லணும்னா என்ன சொல்வீங்க?" என்றேன்.

"எதுக்குத் தம்பி ரெண்டு வார்த்த? யார் கைல சொல்லப் போற?"

சொன்னேன். போர்டு, கட்டம், கூவுவது எல்லாம். கவனமாகக் கேட்டார்.

"அந்தக் கட்டத்துல நல்ல கட்டம், கெட்ட கட்டம் உண்டா?"

"உண்டுங்கய்யா. காலைல பதினொரு மணிக்கு எல்லாரும் முழிச்சிருப்பாங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குவாங்க."

"நல்லது யாருக்குப் போவும்?"

"யார் முந்திக்கிறாங்களோ அவங்களுக்கு. பெரும்பாலும் இங்கிலீஷ்ல சத்தமாப் பேசறவங்களுக்கு."

"அத்தச் சொல்லு. மீதி அவங்களே கேப்பாங்க" என்று வலைக்குத் திரும்பிவிட்டார்.

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா சும்மா இருக்கவில்லை. "பாட்டுப் பட்டியல்ல பொம்பளைங்க பேரு எத்தினின்னும் சேத்துச் சொல்லு தம்பி." பாடு எல்லாருக்கும் கிடையாது. குறிப்பிட்ட ஊர்கள், குறிப்பிட்ட சமூகம், அதிலும் ஆண்கள். இருளர் பெண்கள் அதே ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துப் பனையோலைப் பறியில் போடுவார்கள். முகத்துவாரத்துச் சீட்டு அவர்களுக்காகக் குலுக்கப்படுவதில்லை. மற்ற ஊர்க்காரர்களும் ஏரிக்குள் இறங்க, தகராறுகளும் வந்திருக்கின்றன. கிராமம் என்றாலே கண்கலங்கும் நகரத்துக்காரர்கள் முன்னால் இதை விட்டுவிட்டுப் பேசினால் பாடு பற்றிப் பேசியதாகவே ஆகாது.

நீங்களும் இப்படி ஒரு கூட்டத்துக்குப் போவதாக இருந்தால், என் அனுபவத்தில் கண்டது இவ்வளவுதான்: தலைப்பு கேள்வியாக இருக்கட்டும். ஏழு நிமிஷத்துக்குச் சரக்கு போதும், மிச்சம் வந்தவர்களுடையது. கையில் காட்ட ஒரு பொருள் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முழம் பழைய வலையைக் கொண்டுபோனேன். மின்சார ரயிலில் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே வந்தது.

சனிக்கிழமை என் முறை வந்ததும் போர்டைக் காட்டினேன். "இதுல பதினோரு மணிக் கட்டம் மூணும் முதல் ரெண்டு நிமிஷத்துல போயிடுச்சு. யாருக்குப் போச்சுன்னு பாருங்க. இதே பிரச்னைக்குப் பழவேற்காட்டுல மீனவர்கள் ஒரு வழி வெச்சிருக்காங்க. அந்த வழியில யாரை வெளியில நிறுத்தி வெச்சிருக்காங்கன்னும் சொல்றேன். வாங்க."

பதினோரு கை. மூன்றரை மணிக் கட்டம்.

ஸ்லைடு போடவில்லை. வலையைச் சுற்ற விட்டேன். எட்டாவது நிமிஷம் ஒருவர் எழுந்து இரண்டு கால் சட்டப்படி போய்விட்டார். சட்டம் சட்டம்தான். ஒரு நகரமைப்பு மாணவி, "சீட்டுக் குலுக்குறது நியாயம். ஆனா பெட்டிக்குள்ள யார் பேரைப் போடறதுன்னு யார் குலுக்கினாங்க?" என்றார். மீதி நேரம் முழுக்க அந்தக் கேள்விதான். அந்த அறையில் கோட்டைக்குப்பத்துக்காரர் ஒருவர்கூட இல்லையே என்று இன்னொருவர் கேட்டார். கூட்டம் ஆங்கிலத்தில், சனிக்கிழமை, மூன்றாவது மாடியில். நுழைவு இலவசம் என்று வாசலில் எழுதித்தான் இருந்தது.

முடிந்ததும் ஏற்பாட்டாளர்களில் ஒரு பெண் ஒரு காலி டிபன் டப்பாவோடு வந்தார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களுக்குச் சீட்டுக் குலுக்கிப் பார்க்கலாமா என்று எல்லாரையும் கேட்டார். குலுக்கினோம். சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் கட்டம், எப்போதும் பதினொரு மணிக்கே பேசிப் பழகிய ஒரு பெரிய கம்பெனி அதிகாரிக்கு விழுந்தது. மாற்றித் தர முடியுமா என்று நயமாகக் கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண் டப்பாவைத் திறந்து காட்டினார், காலி.

மறுநாள் மத்தியானம் அவர் எட்டுப் பேர் முன்னால் பேசினார். நானும் போயிருந்தேன். நன்றாகவே பேசினார். இரண்டு பேர் தூங்கினார்கள்.