புரட்டிப் போட்ட வள்ளம்

ஒரு மேசைக் கண்ணாடி மலிவாகக் கிடைத்ததுதான் எல்லாவற்றுக்கும் வினை. நாகர்கோவிலில் ஒரு பழைய சாமான் கடை வாசலில் அது சுவரோடு சாய்ந்து நின்றது. 10 மி.மீ. கனம், 40க்கு 20 அங்குலம். ஏதோ அலுவலகத்தில் யாரோ ஒரு மேலாளர் அதன் அடியில் சாமி படத்தையும் விடுமுறைப் பட்டியலையும் பேரக் குழந்தைகளையும் செருகி வைத்திருந்திருப்பார். மழை ஈரத்தில் ஒட்டிப்போன ஒரு புகைப்படத்தின் துண்டு, வெள்ளைச் சட்டை போட்ட யாரோ ஒருவரின் வலது தோள் மட்டும், அதில் அப்படியே இருந்தது. மேசை இல்லாத கண்ணாடியை வைத்து என்ன செய்வீர்கள் என்று வீட்டில் கேட்டபோது, மீன் தொட்டி என்று வாயில் வந்துவிட்டது. வாயில் வந்த பிறகு செய்யாமல் இருக்க முடியுமா?

ஐந்து பக்கமும் கண்ணாடி வைக்க நான் ஜமீன் இல்லை. யோசித்துப் பார்த்தால் தேவையும் இல்லை. பின்பக்கத்தில் சுவர், சுவரா மீன் பார்க்கப் போகிறது? முன்னால் ஒரு கண்ணாடி, மற்றதெல்லாம் மரைன் பிளைவுட். 8க்கு 4 அடி பலகை ஒன்றை வாங்கி, 4க்கு 2 என்று நான்காக அறுத்தால் அடி, முதுகு, முகம் போக மிஞ்சும் ஒன்றை நடுவே அறுத்து இரண்டு பக்கத்துக்கும் வைத்துவிடலாம். முகத்தில் ஜன்னலுக்காக வெட்டி எடுக்கும் துண்டு மேலே குறுக்குச் சட்டமாகிவிடும். ரம்பம் தின்ற தூளைத் தவிர ஒரு சல்லியும் வீணில்லை. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு முடித்த அன்று ராத்திரி எனக்கு உண்டான நிறைவு, பிறகு தொட்டியில் மீன் நீந்தியபோதுகூட உண்டாகவில்லை.

ஆளைத் தேடியபோது முட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். அறுபது தாண்டியவர். தச்சர் என்று சொன்னால் சிரிப்பார். அவர் கட்டியது முழுக்க வள்ளம். குடைந்து வள்ளம் செய்யப் பெரிய மரம் கிடைக்காமல் போன 1980களில், எங்கள் மாவட்டக் கடற்கரையில் பிளைவுட் வள்ளம் வந்தது. பலகையின் ஓரங்களில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் ரெசினும் ஃபைபர் துணியும் ஒட்டி இறுக்குவார்கள். தைத்து ஒட்டுவது என்றே அதற்குப் பெயர். அந்த வேலையில் கை பழகியவர்.

நான் விளக்கியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பெட்டியின் வெளிப்பக்கம் முழுக்க ரெசின் பூசி முடித்திருக்கிறார். உள்ளே வெறும் மரம்.

“அண்ணே, தண்ணி உள்ளே இல்லையா இருக்கப் போகுது?”

கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். “நாப்பது வருசமா தண்ணிய வெளியவே நிறுத்திப் பழகிட்டேன் சார்” என்றார். பிறகு உள்ளே மூன்று பூச்சு பூசினார். வெளிப் பூச்சுக்கு ஆன ரெசின் காசு என் கணக்கில் ஏறியது.

அவர் வாயிலிருந்து ‘தைத்து’ என்ற சொல் வந்ததிலிருந்தே எனக்கு மசூலா படகு நினைவுதான். துறைமுகம் இல்லாத காலத்துச் சென்னையில் கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் அலை உடையும் இடத்தைத் தாண்டிக் கரைக்கு வந்தது இந்தப் படகில்தான். படகு முழுக்கத் தேடினாலும் ஓர் ஆணி கிடைக்காது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அந்த அலையில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும். நெளிகிற படகு ஒழுகத்தானே செய்யும்? ஒழுகியது. இறைக்க ஓர் ஆள் இருந்தான். லண்டனிலிருந்து உத்தியோக உத்தரவோடு வந்த துரை, கடைசி அரை மைலைக் கணுக்கால் தண்ணீரில் பூட்ஸை நனைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்கு அற்ப சந்தோஷம் ஒன்று வருகிறது. பிறகு துறைமுகத்துக்காகக் கல்லையும் காரையையும் கொட்டி அலைத்தடுப்புக் கட்டினார்கள். முடிகிற தறுவாயில் 1881 புயல் வந்து அதை உடைத்துப் போட்டது. கயிறு தைத்தவர்கள் அடுத்த நாளும் தைத்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கண்ணாடி பொருத்தும் நாள் வந்தது. தொட்டியின் உள்பக்கமிருந்து, ஜன்னல் சட்டத்தின்மேல் சிலிகான் வைத்துப் பதிக்க வேண்டும். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சரக்கு மீனுக்கு ஆகாது; அது மட்டும் இல்லாததாகப் பார்த்து வாங்கினேன். வீடு இரண்டு நாள் வினிகர் நாறியது. பொருத்தும் வேலையை நானே செய்தேன். இறுக்கம்தான் நல்லது என்று நினைத்து, இரண்டு செங்கல் வைத்து அழுத்தி, பிதுங்கி வந்த சிலிகானையெல்லாம் வழித்து எறிந்தேன். ஒரு வாரம் பொறுத்துத் தண்ணீர் நிரப்பினோம். 360 லிட்டர், அதாவது 360 கிலோ. கண்ணாடியின்மேல் மட்டும் 130 கிலோ அளவுக்குத் தள்ளல். இரண்டு ஆள் உள்ளிருந்து சாய்ந்து நிற்கிற மாதிரி. கண்ணாடிக்குப் பின்னால் தொட்டி எத்தனை தூரம் போகிறது என்பது தண்ணீருக்குக் கவலையில்லை, எத்தனை ஆழம் என்பதுதான் கணக்கு. பேச்சிப்பாறை அணை அடியில் தடித்திருப்பதும் இதனால்தான்.

விடியற்காலையில் இடது கீழ் மூலையில் ஒரு சொட்டு. துடைத்தேன். மறுபடி ஒரு சொட்டு.

முட்டத்துக்காரர் வந்து பார்த்தார். “மூச்சு விட இடம் குடுக்கலையே சார்.” மரம் ஈரத்துக்கும் பாரத்துக்கும் அசையும், கண்ணாடி அசையாது, நடுவில் இருப்பது காகிதக் கனத்துக்குப் போனால் கிழியாமல் என்ன செய்யும்? தண்ணீரை இறக்கி, ஒரு தங்கூசி நரம்பைச் சந்தில் நுழைத்து ரம்பம் போல இழுத்து இழுத்து, விரலெல்லாம் வெட்டிக்கொண்டு கண்ணாடியைப் பிரித்தோம். இந்த முறை பழைய சைக்கிள் டியூபை வெட்டி மடித்து மூலைக்கு மூலை அணை கொடுத்து, 3 மி.மீ. கனத்துக்குச் சிலிகான் விட்டார். செங்கல் இல்லை. கையால் லேசாக ஓர் அழுத்து, அவ்வளவுதான். எனக்குப் பார்க்கவே பயமாக இருந்தது.

சொட்டவில்லை. நண்பர் சும்மா கொடுத்த கப்பி மீன் இருபதை விட்டேன். வெள்ளைச் சட்டைத் தோளை நான் சுரண்டவில்லை. வெளிப்பக்கம் வருமாறு திருப்பி வைத்திருந்தேன். கப்பிகள் அதன் பின்னால் போய்ப் போய் வருகின்றன.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். மீனை அதிகம் கவனிக்கவில்லை. “திங்கவும் மாட்டீங்க, விக்கவும் மாட்டீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து தொட்டியின் அடியைப் புறங்கையால் தடவினார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். பிறகு பையிலிருந்து, வாயகல வெட்டிய ஒரு பழைய எண்ணெய் கேனை எடுத்துத் தொட்டிக்குக் கீழே வைத்தார். வள்ளத்தில் தண்ணீர் இறைப்பது.

“அதான் ஒழுகலையே அண்ணே?”

“நல்ல வள்ளம்னாலும் இது இல்லாம கடல்ல இறக்கமாட்டோம் சார்.”

மீன் தொட்டியில் பழைய தண்ணீரைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது லிட்டர். அந்தக் கேனால்தான் இறைக்கிறேன்.