மழையில் மிளா வேட்டை

நம்முடைய வகுப்பில் பையன் ஒருவன் சென்ற ஐப்பசி மாதம் நம்மை ஒரு கேள்வியால் மடக்கிவிட்டான். பள்ளி நூலகத்தில் பழைய வேட்டைப் புத்தகம் ஒன்று அவன் கையில் அகப்பட்டிருக்கிறது. இலங்கையின் நுவரெலியா மலைகளில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் மழையிலும் மூடுபனியிலும் வேட்டை நாய்களுடன் 'எல்க்' என்ற மிருகத்தைத் துரத்திய கதைகள் அதில் இருந்தன. அகராதியைப் புரட்டினால், எல்க் என்பது குளிர்தேசத்துப் பிராணி என்று போட்டிருக்கிறது. "இரண்டில் எது பொய், சார்?" என்று கேட்டான்.

இரண்டும் பொய்யல்ல. ஐரோப்பாவில் எல்க் என்று சொன்னால் ஒரு மிருகம். அமெரிக்காவில் அதே பெயருக்கு வேறொரு மிருகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் அந்த மலைக்காடுகளில் கண்ட பெரிய மானுக்குத் தங்களுக்குப் பழக்கமான பெயரையே சூட்டிவிட்டார்கள். இலங்கைத் தமிழர்கள் அதனை மரை என்பார்கள். நம் பக்கத்தில் அதற்குக் கடமான் என்றும் மிளா என்றும் பெயர்.

"மிளாவா! அது எங்கள் ஊர் மலையில் இருக்கிறதே! எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் புயல் மழையில் போய், கொம்பு விரிந்த பெரிய ஆண் மிளாவை ஒரே வெடியில் சாய்த்தவராக்கும்!" என்றான் பையன், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

அவனுடைய ஊர் வ. புதுப்பட்டி. அந்தச் சனிக்கிழமையே அவனையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறினோம். வெறுங்கையுடன் போகலாகாது என்று ஒரு பொட்டலம் பால்கோவாவும் வாங்கிக்கொண்டோம்.

கிருஷ்ணன்கோவிலில் பஸ் மேற்கே திரும்பியதும் மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவர்போல் எதிரே எழுந்து நிற்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியை இந்தச் சுவர் கேரளத்துப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. அதனால் ஆனி ஆடியில் இந்தப் பக்கத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றும் சாரலுந்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போதுதான் ஓடைகள் ஓடும், கண்மாய்கள் நிறையும். நாம் சென்ற அன்று வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாம். மலை முழுவதும் மேகத்துக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. தென்னந்தோப்புகள் பேய்பிடித்தவைபோல் தலைவிரித்து ஆடின. ஊருக்குள் இறங்கியபோது குடையைப் பிடித்துக்கொள்வதா, வேஷ்டியைப் பிடித்துக்கொள்வதா என்று நமக்குப் பெரிய தர்மசங்கடம் உண்டாயிற்று.

பையனின் தாத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். திண்ணையில் நம்மை உட்காரவைத்துச் சுக்குக் காப்பி வரவழைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னோம். சிறிது நேரம் மழையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழையில்தான் மிளாவுக்குப் போகவேண்டும் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள், வாத்தியாரய்யா" என்று ஆரம்பித்தார்.

காரணங்களை அவர் ஒவ்வொன்றாக விளக்கியது, நல்ல ஆசிரியர் பாடம் நடத்துவதுபோல் இருந்தது. மிளாவுக்குக் காதும் மூக்குமே காவல். கோடையில் காய்ந்த சருகின்மேல் ஒரு காலடி விழுந்தாலும் அதற்குக் கேட்டுவிடும். மழைக்காலத்தில் நனைந்த சருகு ஓசை கொடுக்காது. காட்டின் இரைச்சலில் அந்தப் பெரிய காதுகளும் பயன்படா. கனத்த மழை பெய்யும்போது அடர்ந்த புதருக்குள் ஒதுங்கி நிற்கும் மிளா, மழை விட்டதும் புல்மேய வெளியே வரும். ஈர மண்ணில் குளம்பின் தடம் தெளிவாகப் பதியும். தடத்துக்குள் மழைத்துளி விழுந்த புள்ளிகள் இருந்தால் அது பழைய தடம்; இல்லாவிட்டால் மிருகம் அருகில்தான் இருக்கிறது.

"காற்றுதான் சத்துரு" என்றார் பெரியவர். "சமவெளியில் காற்று ஒரே திசையில் வீசும். மலை இடுக்கில் அது சுழலும். முகத்தில் அடிக்கிறதே என்று நம்பிப் போவோம். அடுத்த கணம் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசி நம் வாடையை அதனிடம் சேர்த்துவிடும். இன்னொரு சத்துரு ஈரம். எங்களிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. மருந்து நமுத்துப்போனால் வெடிக்காது. மெழுகுத்துணி சுற்றி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் கொண்டுபோவோம்."

இராஜபாளையத்து நாய்களைப்பற்றிக் கேட்டோம். அவை காட்டுப்பன்றிக்குப் பேர்போனவை என்றும், மிளாவின் பின்னால் நாயை விட்டால் அது தண்ணீரைத் தேடி ஓடி, ஓடை நடுவே நின்றுகொண்டு கொம்பாலும் குளம்பாலும் எதிர்க்கும் என்றும் சொன்னார். நுவரெலியாவில் பேக்கர் துரை கண்டதும் அதுவேதான். முதிர்ந்த ஆண் மிளா இருநூறு கிலோவுக்கு மேலும் நிறை தூக்கும். கிளைவிட்ட கொம்பும் உண்டு. அதை எதிர்த்து நிற்கும் நாயின் கதியை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பையனுக்குப் பொறுக்கவில்லை. "தாத்தா, அந்தப் பெரிய கொம்பு மிளாக் கதையைச் சொல்லுங்கள்!" என்றான்.

பெரியவர் பேரனை ஒருமுறை பார்த்தார். பிறகு நம் பக்கம் திரும்பினார். "அதை இன்றைக்குச் சரியாகச் சொல்லிவிடுகிறேன், வாத்தியாரய்யா. நீங்களும் இருக்கிறீர்கள்."

அவருக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இதேபோன்ற ஓர் ஐப்பசி. மூன்று பேராக மலையேறினார்கள். மழைத்திரைக்கு அப்பால் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் ஓர் உருவம் அசைந்தது. தலை தெரியவில்லை. சுட்டார். மிருகம் துள்ளி விழுந்து, எழுந்து ஓடிற்று. கல்லின்மேல் இரத்தம் கிடந்தது. அதைப் பின்பற்றி இருபது அடி நடப்பதற்குள் பெருமழை பிடித்துக்கொண்டது. கல் கழுவிவிட்டதுபோல் ஆயிற்று. இரத்தமும் இல்லை, தடமும் இல்லை. ஓடைகளில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. அன்று இறங்காவிட்டால் மலையிலேயே அகப்பட்டுக்கொள்வார்கள். இறங்கிவிட்டார்கள்.

"மூன்றாம் நாள் மழை விட்டது. நான் மட்டும் போனேன். ஒரு பாறை இடுக்கில் கிடந்தது. தண்ணீர் தேடி வந்திருக்கிறது. கொம்பில்லை, பெட்டை. பக்கத்தில் அதன் குட்டி நின்றது. என்னைப் பார்த்துவிட்டும் அது ஓடவில்லை. இறைச்சியும் கெட்டுவிட்டது, ஒரு கவளம்கூட ஒருவருக்கும் உதவவில்லை. ஊருக்குத் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள். கொம்புள்ள ஆண், வெள்ளத்தில் போய்விட்டது என்று சொன்னேன். அந்தப் பொய் இத்தனை காலம் ஓடிவிட்டது."

திண்ணையில் யாரும் பேசவில்லை. ஓட்டிலிருந்து நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. பையன் தலையைக் குனிந்துகொண்டான். மழை வேட்டைக்காரனுக்கு வேண்டிய வசதியெல்லாம் செய்துகொடுத்துவிட்டு, காயம்பட்ட மிருகத்தைத் தேடிப்போய் அதன் வேதனையை முடிக்கும் கடமையை மட்டும் செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது. இதை எந்த வேட்டைப் புத்தகத்தையும்விட அன்று அந்தத் திண்ணையில் நன்றாக அறிந்தோம்.

அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு, 1972ஆம் ஆண்டில், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1988இல் இந்த மலைகள் சாம்பல் நிற அணில் சரணாலயமாயின. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் உருவாயிற்று. தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. அதன் பரப்பு ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீட்டர். புலிக்கு முக்கியமான இரை மிளா. மிளா இல்லாத காட்டில் புலி நிலைக்காது. காடு நிலைக்காவிட்டால் வைகைக்கு நீர் தரும் மலைகளும் வறண்டுபோகும். ஆனால் சட்டம் வந்துவிட்டதனால் ஆபத்து அடியோடு ஒழிந்துவிடவில்லை. மலையடிவாரங்களில் பயிர்களைக் காட்டு மிருகங்கள் அழிக்கும்போது விவசாயியின் வயிறு எரிவது நியாயமே. அந்த எரிச்சலின் மறைவில் யாரோ ஒருவர் வைக்கும் சுருக்குக் கம்பி, பன்றி எது, குட்டியுள்ள மிளா எது என்று பார்ப்பதில்லை. மழைத்திரைக்குள் சுட்ட அந்த வெடியும் பார்க்கவில்லை அல்லவா?

மாலையில் மழை ஓய்ந்தது. மலையடிவாரத்தில் இருந்த தம் தோப்புக்குப் பெரியவர் எங்களை அழைத்துச் சென்றார். மேகம் சிறிது விலகி, மலையில் புதிதாகப் பிறந்த அருவிகள் வெள்ளிக் கோடுகளாகத் தெரிந்தன. இருட்டும் நேரத்தில் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கண்டாமணியை ஒருமுறை அடித்து நிறுத்தியதுபோல் உரத்த, ஒற்றைக் குரல். சற்றுப் பொறுத்து மறுபடியும்.

"மிளா" என்றார் பெரியவர் மெதுவாக.

வெகுநேரமாகப் பேசாதிருந்த பையன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "எதற்குத் தாத்தா கூப்பிடுகிறது?"

"எதையோ கண்டு பயந்திருக்கிறது. சிறுத்தையாயிருக்கும், செந்நாயாயிருக்கும்" என்ற பெரியவர், கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "நம்மைக் கண்டு இல்லை, அப்பா."